விஆர் ஹெட்செட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை (வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்)

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "படமே வரவில்லை" என்று கடைக்குத் திரும்பி வரும் விஆர் ஹெட்செட்களில் (கண்ணில் மாட்டி மெய்நிகர் உலகைப் பார்க்கும் கருவிகளில்) பெரும்பாலானவை நன்றாகவே இருக்கின்றன. கோளாறு கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலோ, கேபிளிலோ, ரவுட்டரிலோ இருக்கிறது. நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறோம். வீட்டிலேயே பார்த்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

முதலில் கிராபிக்ஸ் கார்டில் என்ன போர்ட் என்று பாருங்கள். வால்வ் இண்டெக்ஸ், ஓக்குலஸ் ரிஃப்ட் எஸ் இரண்டு ஹெட்செட்டுக்கும் டிஸ்பிளேபோர்ட் (எச்டிஎம்ஐ போலவே படம் அனுப்பும் இன்னொரு வகைப் போர்ட்) கட்டாயம். எச்டிஎம்ஐ மட்டும் இருப்பவர்கள் சின்ன அடாப்டர் ஒன்று கேட்கிறார்கள். மலிவாகக் கிடைப்பவை டிஸ்பிளேபோர்ட்டை எச்டிஎம்ஐ ஆக மாற்றுபவை. எதிர்த்திசையில் அவை வேலை செய்யாது. டெஸ்க்டாப்பில் மேலே மதர்போர்டோடு இருக்கும் போர்ட்டில் சொருகினாலும் பயனில்லை, கீழே கார்டில் இருப்பதில்தான் சொருக வேண்டும். லேப்டாப்பில் இது வெளியே தெரியாது. என்விடியா நிறுவனத்தின் கார்டு என்றால், என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'கான்ஃபிகர் சரவுண்ட், ஃபிஸ்எக்ஸ்' பக்கத்தைத் திறந்தால் எந்தப் போர்ட் எந்தச் சிப்போடு சேர்ந்திருக்கிறது என்று படம் போட்டே காட்டும்.

பிளேஸ்டேஷன் விஆர்2-ஐ கம்ப்யூட்டரில் ஓட்ட சோனியின் தனி அடாப்டர் வேண்டும். அதோடு டிஸ்பிளேபோர்ட் 1.4 கேபிளும் வேண்டும். அது அடாப்டர் பெட்டிக்குள் வராது. கையில் பிடிக்கும் கண்ட்ரோலர் ப்ளூடூத்தில் இணைவதால், கம்ப்யூட்டரில் ப்ளூடூத் 4.0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். கண்ட்ரோலர் கை நடுங்குவதுபோல் ஆடினால், மதர்போர்டோடு வந்த ஆன்டெனாவைத் திருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பலர் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். யூஎஸ்பியில் சொருகும் ப்ளூடூத் டாங்கிள் என்றால் ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் போட்டுத் தள்ளி வையுங்கள். யூஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழுகிறது, ப்ளூடூத்தும் அங்கேதான் இருக்கிறது. கண் அசைவைக் கவனிக்கும் வசதியும் எச்டிஆரும் (வெளிச்சம், இருள் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் வசதி) கம்ப்யூட்டரில் அதிகாரபூர்வமாகக் கிடைக்காது. அவற்றுக்காக வாங்குவதாக இருந்தால் பிஎஸ்5-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெட்டா குவெஸ்ட் வேறு ஜாதி. அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் லிங்க் கேபிளில் போவது டிஸ்பிளே சிக்னல் அல்ல, வெறும் யூஎஸ்பி டேட்டா. கார்டு படத்தை வீடியோவாகச் சுருக்கி அனுப்புகிறது, ஹெட்செட் விரித்துக் காட்டுகிறது. அதனால் டிஸ்பிளேபோர்ட் பற்றிய கவலை வேண்டாம். நல்ல யூஎஸ்பி 3 போர்ட் போதும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் இது நடக்காது. 3 மீட்டருக்கு மேல் நீளம் வேண்டுமென்றால் ஆக்டிவ் அல்லது ஆப்டிகல் கேபிள் கேளுங்கள். சொருகியதும் மெட்டாவின் லிங்க் மென்பொருளில் டிவைசஸ் பகுதிக்குப் போய் யூஎஸ்பி டெஸ்ட் ஓட்டுங்கள். வேகம் சில நூறு எம்பிபிஎஸ்ஸில் நின்றால் இணைப்பு யூஎஸ்பி 2-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். கேபினட்டின் முன்பக்கப் போர்ட்டை விட்டுப் பின்பக்கத்துக்கு மாற்றுங்கள். நடுநடுவே அறுந்தால் விண்டோஸ் பவர் ஆப்ஷன்ஸில் 'யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்'டை அணைத்துப் பாருங்கள். சொருகியிருந்தும் சார்ஜ் இறங்குவது கோளாறு அல்ல. சாதாரண யூஎஸ்பி 3 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 0.9 ஆம்பியர், அதாவது 4.5 வாட், விளையாடும்போது ஹெட்செட் அதைவிட அதிகம் இழுக்கும். சார்ஜருக்குத் தனிக் கிளை உள்ள கேபிள் வாங்கினால் தீரும்.

வயர் இல்லாமல் ஆடுபவர்கள், இன்டர்நெட் பிளானை உயர்த்தியும் படம் திக்குகிறது என்கிறார்கள். படம் வெளியே போவதே இல்லை; கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர், ரவுட்டரிலிருந்து ஹெட்செட், அவ்வளவுதான். கம்ப்யூட்டரை லான் கேபிளில் இணையுங்கள், ஹெட்செட் மட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்கட்டும், ரவுட்டர் அதே அறையில் இருக்கட்டும். பிறகு விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்கில் லிங்க் ஸ்பீடு 1000 எம்பிபிஎஸ் காட்டுகிறதா என்று பாருங்கள். 100 என்றால் பழைய கேபிளோ ரவுட்டரின் மலிவான லான் போர்ட்டோ கழுத்தை நெரிக்கிறது.

செகண்ட்ஹேண்டில் எச்பி ரிவெர்ப் ஜி2 போன்ற, விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி என்ற விண்டோஸின் விஆர் வசதியை நம்பி ஓடும் ஹெட்செட்கள் கொள்ளை மலிவாக வரும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே நீக்கிவிட்டது. அவற்றை மறுபடி ஓடவைக்க ஓயாசிஸ் என்ற இலவச டிரைவர் மென்பொருள் இருக்கிறது, ஆனால் அது என்விடியா கார்டில் மட்டும்தான் ஓடும். அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கண் விஷயம். திரை கண்ணருகில்தானே என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றாதீர்கள். லென்ஸ் அந்தப் படத்தை ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் நிறுத்துகிறது, கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு மங்கலாகவே தெரியும். கண்ணாடி ஹெட்செட் லென்ஸில் உரசினால் கீறல் நிரந்தரம், ஆகவே இடைவெளியைக் கூட்டுங்கள் அல்லது ஹெட்செட்டுக்குள் பொருத்தும், உங்கள் பவருக்கு ஏற்ற லென்ஸ் வாங்குங்கள். கருவிழிகளுக்கு இடையேயான தூரத்தைக் கண்ணாடிக் கடையில் மில்லிமீட்டரில் அளந்து தருவார்கள். குவெஸ்ட் 3-இல் லென்ஸ் இடைவெளியை அதற்கேற்பச் சக்கரம் திருப்பி வைக்கலாம்; 53 முதல் 75 வரை உள்ளவர்களுக்குப் பொருந்தும் என்று மெட்டா சொல்கிறது. குவெஸ்ட் 3எஸ்-இல் 58, 63, 68 என்று மூன்றே நிலைகள். 72 உள்ளவர் அதைப் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஜன்னலோரம் வைக்காதீர்கள். லென்ஸ் வழியே விழும் வெயில் சில நிமிடங்களிலேயே திரையில் புள்ளி போட்டுவிடும்; எந்த வாரண்டியிலும் அது வராது. லென்ஸை உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் மட்டும் துடையுங்கள், சானிடைசர் வேண்டாம்.

சர்வீஸுக்கு வரும்போது கேபிளையும் அடாப்டரையும் கொண்டுவாருங்கள், கம்ப்யூட்டரின் பின்பக்கத்தை ஒரு போட்டோவும் எடுத்து வாருங்கள். ஹெட்செட்டை மட்டும் கொண்டுவந்தால் எங்கள் மேசையில் அது ஜோராக ஓடும், உங்கள் வீட்டில் மறுபடி நிற்கும்.

இப்படிக்கு,
கடையின் சர்வீஸ் பிரிவு