முகம் செத்துக் கிடந்தால் நல்லதுதான், மாமா

அன்புள்ள மாமா,

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துத் தோட்டுப் பெண்’ ஓவியத்தைப் பார்த்து அக்ரிலிக்கில் வரைந்து, வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. முத்து லோலாக்கு போட்ட அந்த டச்சுப் பெண்ணுக்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. கட்டம் போட்டுப் பொறுமையாக எடுத்திருக்கிறீர்கள். “எல்லாம் சரியாத்தான் வந்திருக்கு, ஆனா மூஞ்சி செத்துக் கெடக்கே, ஏன்டா?” என்று கேட்டிருந்தீர்கள். அத்தை ஒரு படி மேலே போய், பவுடர் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டார்களாமே.

அத்தையின் கண்ணுக்கு ஒரு கும்பிடு. பவுடரேதான், பெயர் டைட்டானியம் ஒயிட். வெள்ளையில் கொஞ்சம் எல்லோ ஆக்கர், கொஞ்சம் சிவப்பு கலந்து ‘தோல் கலர்’ ஒன்றைத் தயார் செய்துகொண்டு, வெளிச்சத்துக்கு இன்னும் வெள்ளை, நிழலுக்குக் கறுப்பு என்று சேர்த்துக்கொண்டே போயிருக்கிறீர்கள். வெர்மீர் காலத்தில் டைட்டானியம் ஒயிட் கிடையாது. ஓவியர்களின் டியூபுக்குள் அது வந்ததே போன நூற்றாண்டில்தான். அவரிடம் இருந்தது ஈய வெள்ளை. அடியில் இருப்பதைக் கொஞ்சம் காட்டிக்கொடுக்கும். நம்முடைய வெள்ளை எதன்மேல் பட்டாலும் மூடிவிடும். (ஈயம் விஷம். தேடிப்பிடித்து வாங்கிவிடாதீர்கள், உங்களை எனக்குத் தெரியும்.)

வெள்ளையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் படத்தில் மேலே தெரியும் நிறத்தைப் பார்த்து நீங்கள் வரைகிறீர்கள். அது எந்த வரிசையில் வளர்ந்தது என்பதைத்தான் பார்த்து வரைய வேண்டும். 2018-ல் நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்து மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, பார்வையாளர்கள் கண்முன்னே ஒரு கண்ணாடி அறைக்குள் வைத்து ஆராய்ந்தார்கள். சுமார் 1665-ல் வெர்மீர் என்ன செய்தார் என்பது அதில் நன்றாகத் தெரிந்தது. முதலில் பழுப்பிலும் கறுப்பிலும் இருட்டையும் வெளிச்சத்தையும் அமைத்திருக்கிறார். அதன்மேல் பின்னணி, பிறகு முகம், மஞ்சள் சட்டை, வெள்ளைக் காலர், தலைத்துணி. கடைசியில்தான் முத்து.

பின்னணி கறுப்பு என்று நினைத்து நீங்கள் கறுப்பை அப்பியிருக்கிறீர்கள். பாவம், எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அங்கே மடிப்பு மடிப்பாக ஒரு பச்சைத் திரை இருந்திருக்கிறது. இருண்ட அடிப்பூச்சின்மேல் அவுரி நீலத்தையும் வெல்ட் என்ற செடியின் மஞ்சளையும் கலந்து, அடியில் இருப்பது தெரியும்படியான மெல்லிய பூச்சாக, அதாவது கிளேஸாக, ஓட்டியிருக்கிறார். தாவரச் சாயங்கள் ஆயிற்றே, முந்நூற்றைம்பது வருஷத்தில் மங்கிப்போயின. உங்கள் கறுப்பு காய்ந்துதானே இருக்கிறது? அதன்மேல் தாலோ கிரீனில் ஒரு கிளேஸ் ஓட்டிப் பாருங்கள். நம் பச்சை அப்படி மங்காது. கிளேஸ் பழக அதைவிடத் தோதான இடம் இல்லை, தப்பினாலும் யாருக்கும் தெரியாது.

சரி, முகத்துக்கு வருவோம். படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செத்துக் கிடக்கிற அந்த முகம் அருமையான அடிப்படம். அக்ரிலிக் கிளேஸ் ஒவ்வொன்றும் படத்தைக் கொஞ்சம் இருட்டாக்கும். அதனால் அடியில் இருப்பது வேண்டியதைவிட வெளுப்பாக இருப்பதே நல்லது. உங்களுடையது தாராளமாகவே வெளுப்பு. நிழலில் போட்ட கறுப்பை மட்டும் பர்ன்ட் அம்பர் என்ற அடர் பழுப்பும் அல்ட்ராமரைன் என்ற நீலமும் கலந்து சரிசெய்துவிடுங்கள்.

வெர்மீர் முகம் முழுவதையும் கிளேஸிலேயே முடித்தார் என்று நான் சொல்லவில்லை. வெளிச்சம் விழும் இடங்களில் அவரும் வெள்ளை கலந்த கெட்டிப் பெயின்டைத்தான் வைத்தார். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாக இருக்கும், அதற்குள்ளேயே இழைத்து இழைத்துச் சாயலை மாற்றலாம். அக்ரிலிக் பத்து, பதினைந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். திருச்சி வெயிலில் அதுகூட ஆகாது. ஈரத்தில் அவர் இழைத்ததை நாம் அடுக்கடுக்காகக் கிளேஸ் போட்டுத்தான் எட்டிப்பிடிக்க வேண்டும்.

டியூபின்மேல் ஒரு சின்னச் சதுரம் இருக்கும். காலிச் சதுரமென்றால் ஒளி ஊடுருவும் நிறம். முழுக்கக் கறுத்திருந்தால் மூடும் நிறம். கிளேஸுக்குக் காலிச் சதுரங்களைப் பொறுக்குங்கள். ஒரு பங்கு பெயின்டுக்கு எட்டுப் பத்துப் பங்கு கிளேஸிங் மீடியம், அதாவது நிறத்தை ஒளி ஊடுருவும்படி இளக்கும் திரவம். தண்ணீரை மட்டும் ஊற்றி நீர்க்க வைத்தால் பிடிமானம் போய்த் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு. ஃபேனை நிறுத்திவிட்டு, மெத்தென்ற அகலப் பிரஷால் கன்னத்தில் ஒரே ஓட்டாக ஓட்டுங்கள். மீடியம் ஈரத்தில் பால்போல வெளுத்திருக்கும், பயப்பட வேண்டாம். காயக் காயத் தெளிந்து நிறம் அடர்ந்துவிடும். ஈரம் போவதற்குள் வேறொரு காய்ந்த பிரஷால் ஓரங்களை லேசாக ஒற்றி எடுங்கள், கோடு விழாது. பாதி காய்ந்ததைத் தொட்டால் கிழிந்துகொண்டு வரும். அப்போது கையைக் கட்டிக்கொண்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள்.

காய்ந்த பிறகு மூக்கு நுனி, கன்னம், உதட்டுக்குச் சிவப்பில் ஒரு கிளேஸ்; தாடை நிழலில் அல்ட்ராமரைன் ஒரு சொட்டு. அப்புறம் வெள்ளையும் ஆக்கரும் கலந்து நெற்றியில், மூக்குத் தண்டில் வெளிச்சத்தை மீட்டுக்கொள்ளலாம். மறுபடி கிளேஸ். எத்தனை தடவை என்று கேட்காதீர்கள், லேசாக இருக்கும்வரை எத்தனையும் தாங்கும். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் டாவின்சியின் முகங்களை ஆய்வாளர்கள் எக்ஸ்-ரே ஒளிர்வால் அளந்து 2010-ல் வெளியிட்டார்கள். நிழலுக்காக அவர் போட்ட படலங்கள் எல்லாம் சேர்ந்தே 40 மைக்ரோமீட்டரைத் தாண்டவில்லை. தலைமுடியைவிட மெல்லிசு.

வரையும்போது மூக்கைக் கவனியுங்கள். மூக்குக்கும் அந்தப் பக்கத்துக் கன்னத்துக்கும் நடுவே வெர்மீர் கோடே போடவில்லை, இரண்டும் ஒரே வெளிச்சத்தில் கரைந்துவிடும். நீங்கள் பென்சில் கோட்டை விட மனசில்லாமல் அதன்மேலேயே பழுப்பு இழுத்திருக்கிறீர்கள். அழித்துவிடுங்கள்.

“அடுத்தவன் படத்தைப் பார்த்துப் போடறது திருட்டு இல்லையா?” என்றும் கேட்டிருந்தீர்கள். பின்னால் ‘வெர்மீரைப் பார்த்து வரைந்தது’ என்று எழுதி உங்கள் கையெழுத்தைப் போட்டால் திருட்டு இல்லை. லூவ்ரில் 1793-லிருந்தே நகலெடுக்க விடுகிறார்கள். அசல் அளவிலேயே எடுக்கக் கூடாது என்பது விதி. பிரெஞ்சு ஓவியர் தெகா 1853-ல் அங்கே பெயர் பதிந்து நகலெடுத்தவர்தான். நம் ரவி வர்மாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை. 1868-ல் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தான் வரைவதைப் பார்க்க விட்டாரே தவிர சொல்லித்தரவில்லை. ரவி வர்மா நின்று பார்த்தே பிடித்துக்கொண்டார். நமக்கோ படங்களை இலவசமாக இறக்கி, கண்ணிமை வரை பெரிதாக்கிப் பார்க்க முடிகிறது.

அடுத்த முறை ஏ4 தாளில் அச்செடுத்துப் பார்க்காதீர்கள். அசலே 44.5 × 39 சென்டிமீட்டர்தான், ஏ3-இல் எடுத்தால் நிஜ அளவில் ஏறக்குறைய முக்கால்வாசி வந்துவிடும். எனக்கு அனுப்பும் படத்தையும் டியூப்லைட்டில் எடுக்காமல் காலையில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள்.

முத்தை அவசரப்பட்டு வைத்துவிட்டீர்கள். கழுத்து நிழலின் பழுப்பால் அதை மூடிவிட்டு, மற்றதெல்லாம் முடிந்தபின் திரும்ப வைக்கலாம். மேலே கெட்டியாக ஒரு வெள்ளைப் பொட்டு, கீழே காலரின் சாயலாக ஒரு மங்கல் வெள்ளை, அவ்வளவுதான். வெர்மீர் அதற்குக் கொக்கிகூடப் போடவில்லை. நீங்கள் போட்டிருக்கும் கொக்கி, அத்தையின் தோட்டைப் பார்த்துப் போட்டதுதானே?

அன்புடன்,
உங்கள் மருமகன்