பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்

அன்புள்ள முரளி,

மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். இங்கேயும் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி குறைந்து இப்போது யார் துணையும் இல்லாமல் நடக்கிறார்.

சரி, நீ கோபமாக எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு திறந்த மூல மென்பொருளின் நிரலை, அதாவது யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்று திறந்துவிட்ட மூலக் குறியீட்டை, எடுத்து மாற்றி அதே பெயரில் வெளியிட, அந்தத் திட்டத்துக்காரர்கள் பெயரை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். "நிரலை எடுத்துக்கொள்ளலாமாம், பெயரையும் லோகோவையும் மட்டும் தொடக்கூடாதாம், அப்புறம் என்ன திறந்த மூலம்?" என்று கேட்கிறாய். எனக்கு அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் படுகிறது. நிரலோடு வரும் உரிமம் பேசுவது பதிப்புரிமையைப் பற்றி, அதாவது நகலெடுக்க, மாற்ற, பகிர உனக்குள்ள அனுமதியைப் பற்றி. பெயர் டிரேட்மார்க் சட்டத்தின் கீழ் வருவது. பலரும் பயன்படுத்தும் திறந்த மூல உரிமங்களில் ஒன்றான அப்பாச்சி 2.0இன் 6ஆம் பிரிவைப் படித்துப் பார், நிரல் எங்கிருந்து வந்தது என்று சொல்வது போன்ற வழக்கமான தேவைகளைத் தவிர, பெயரைப் பயன்படுத்த அனுமதி இல்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இன்னொரு பிரபல உரிமமான எம்ஐடியில் பெயரைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆனால் பேசாததை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாது. எது திறந்த மூலம் என்று சொல்லும் திறந்த மூல வரையறையின் 4ஆவது விதியே, மாற்றிய வடிவத்துக்கு வேறு பெயர் வைக்கச் சொல்லி உரிமம் கேட்கலாம் என்கிறது.

லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை வெளியிடும் டெபியன் குழுவின் கதை நினைவிருக்கிறதா? ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் அவர்கள் தங்கள் பேட்ச்களை, அதாவது சின்னச் சின்ன மாற்றங்களை, சேர்த்து வெளியிட்டுக்கொண்டிருந்தார்கள். 2006இல் ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா, எங்கள் பெயரில் வெளியிடுவதானால் எங்கள் லோகோவும் வேண்டும், மாற்றங்களுக்கு எங்கள் ஒப்புதலும் வேண்டும் என்றது. டெபியனால் இரண்டையும் ஏற்க முடியவில்லை, ஐஸ்வீசல் என்று பெயர் மாற்றிக்கொண்டு அதே உலாவியைத் தொடர்ந்து கொடுத்தார்கள். 2016இல் சமரசமாகிப் பழைய பெயர் திரும்பியது. இந்தப் பத்து வருஷமும் நிரலின் சுதந்திரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை என்பதைக் கவனி. நீ சேர்த்த மாற்றத்தால் ஒருவருடைய தரவு அழிந்தால் அவர் புகார் சொல்லப் போவது பெயருக்கு உரியவர்களிடம்தான், அந்தப் பாரத்தை அவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?

ஆனால் பெயரை ஆயுதமாக எடுப்பவர்களும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. நிரலைத் தானாகச் சோதித்துத் தொகுக்கும் ஹட்சன் என்ற மென்பொருள் திட்டத்தில் அதுதான் நடந்தது. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஒரு பக்கம், பெயருக்கு உரிமை கொண்டாடிய ஆரக்கிள் நிறுவனம் ஒரு பக்கம். 2011இல் வேலை செய்தவர்கள் ஜென்கின்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள், பயனர்களும் பின்னாலேயே போனார்கள். அப்படிப் போக முடிந்ததே நிரலின் உரிமம் திறந்திருந்ததால்தான். பிஹெச்பி என்ற நிரல்மொழியின் உரிமம் போலப் பெயர்க் கட்டுப்பாட்டை உரிமத்துக்குள்ளேயே வைத்ததும் எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் அது தங்களுடைய ஜிபிஎல் உரிமத்தோடு ஒத்துப்போகாது என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சொன்னது. பெயருக்கு விதி வேண்டுமென்றால் தனியாக எழுதி வைக்கலாமே.

அதனால் சண்டை வேண்டாம், பெயரை மாற்றிவிடுங்கள். பழைய பெயரின் சாயலில் வைக்காதீர்கள், மறுபடி இதே வம்பு வரும். மூலக் கோப்புகளில் உள்ள பதிப்புரிமை வரிகளை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள், அது உரிமத்தின் நிபந்தனை. "இன்ன திட்டத்தின் நிரலிலிருந்து உருவானது" என்று உள்ளதை உள்ளபடி சொல்வதற்குத் தடை இருக்காது, தாராளமாகச் சொல்லுங்கள். மென்பொருளை இயக்கத் தட்டச்சு செய்யும் கட்டளைப் பெயர்கள்தான் சிக்கல், மாற்றினால் அவற்றை வைத்துப் பயனர்கள் எழுதிய ஸ்கிரிப்டுகள் எல்லாம் உடையும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளிலிருந்து பிரிந்த மரியாடிபி, பல வருஷம் அதன் கட்டளைப் பெயர்களையே வைத்திருந்தது. கட்டளைகளில் மட்டும் பழைய பெயரை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுப் பெயர் யார் கையில் இருக்கும் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். லினக்ஸ் என்ற பெயரையே 1994இல் சம்பந்தமில்லாத ஒருவர் விண்ணப்பித்துத் தன் பெயரில் பதிவும் செய்துகொண்டார், அது லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் கைக்கு வர 1997 ஆனது. உங்களில் ஒருவர் பெயரில் வைக்காமல் ஒரு அமைப்பின் பெயரில் வைத்தால், நாளைக்கு யார் விலகினாலும் பிரச்சினை வராது. யோசித்து வைத்திருக்கும் பெயர்களை எனக்கு அனுப்பு, ஏற்கெனவே யாராவது பதிவு செய்திருக்கிறார்களா என்று இந்த வாரமே தேடிப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
கதிர்