பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு: அந்திமந்தாரைக் குறிப்பேடு பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பிள்ளைகள் ஆளுக்கு நாலு விதை வீட்டுக்குக் கொண்டுவந்தது உங்களுக்கு நினைவிருக்கும். மிளகு மாதிரி கறுப்பாக, மேலே சுருக்கத்தோடு இருந்திருக்கும். அந்திமந்தாரை விதை அது. சில வீடுகளில் நாலுமணிப் பூ என்பார்கள். போன வருடம் நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலப்பு செய்தார்கள். மொட்டு விரியும் முன்பே மகரந்தத் தாள்களைக் கிள்ளி எடுத்துவிட்டு, சாயங்காலம் இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். ஒரு பூவுக்கு ஒரே விதைதான் கிடைக்கும் என்பதால் நிறையப் பொறுமை வேண்டியிருந்தது. முளைத்த செடிகள் எல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்தன. அவற்றின் விதைதான் உங்கள் வீட்டுத் தொட்டிக்கு வந்தது.

போன வாரம் 40 குறிப்பேடுகள் என் மேசைக்கு வந்தன. அவற்றில் 29இல் ஒரே விடை: சிவப்பு 1, இளஞ்சிவப்பு 2, வெள்ளை 1.

பாடப் புத்தகத்திலும் 1:2:1 என்றுதானே இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்பீர்கள். நாலே செடி வளர்க்கும்போது அந்த விகிதம் அப்படியே அமைவது ஐந்து வீட்டில் ஒரு வீட்டுக்குக்கூட நடக்காது. 40 பேரில் ஏழெட்டுப் பேருக்கு வரலாம். 29 பேருக்கு வரவே வராது. ஒரு குறிப்பேட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பென்சிலில் 'சிவப்பு 0, இளஞ்சிவப்பு 3, வெள்ளை 1' என்று எழுதி ரப்பரால் அழித்திருந்தது. அதன் மேல் நீல மையில் பெரியவர் கையெழுத்தில் 1, 2, 1. அந்தப் பிள்ளை சரியாகத்தான் எண்ணியிருக்கிறது. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. தவறு எங்கள் பக்கமும் இருக்கிறது. விதை கொடுத்த அன்றே வகுப்பில் 1:2:1 என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டோம். விடையை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் எண்ணச் சொன்னால், பிள்ளைகள் விடையைத்தான் எண்ணுவார்கள்.

இந்தச் செடியை மரபியலுக்குள் கொண்டுவந்தவர் கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர். 1900 வாக்கில் டூபிங்கனில் பட்டாணியிலும் மக்காச்சோளத்திலும் கலப்புச் சோதனை செய்துகொண்டிருந்தார். ஒரு புது விதியைக் கண்டுவிட்டோம் என்று நினைத்திருந்தவருக்கு, மெண்டல் என்ற துறவி பட்டாணிச் செடிகளை எண்ணி 1866இலேயே அதை வெளியிட்டிருப்பது தெரியவந்தது. 1900 ஏப்ரல் 21ஆம் தேதி, ஹூகோ டி விரீஸ் என்ற நெதர்லாந்துத் தாவரவியலாளரின் கட்டுரைப் பிரதி அவருக்குத் தபாலில் வந்தது. அதே கண்டுபிடிப்பு, மெண்டல் பெயரே அதில் இல்லை. காரன்ஸ் மறுநாள் மாலைக்குள் தன் கட்டுரையை எழுதி முடித்தார். தலைப்பிலேயே மெண்டலின் விதி என்று போட்டார். தனக்கு வந்திருக்கக்கூடிய பெயரை, செத்து 16 வருடம் ஆன ஒரு துறவிக்குக் கொடுத்தார்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்ல ஆசைப்படுவது அதற்கு அடுத்து நடந்தது. இலையில் பச்சையும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கும் ஒரு வகை அந்திமந்தாரை உண்டு. அதே செடியில் முழுப் பச்சைக் கிளையும் இருக்கும், முழு வெள்ளைக் கிளையும் இருக்கும். காரன்ஸ் அவற்றைக் கலந்து எண்ணிப் பார்த்தார். பச்சைக் கிளைப் பூவின் விதை பச்சைச் செடியே தந்தது. வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்றுகளைத் தந்தது. பச்சையம் இல்லாததால் அவை சீக்கிரமே செத்தன. திட்டுக் கிளையின் விதையில் மூன்றும் வந்தன. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான், தாய்க் கிளையே முடிவு செய்தது. மெண்டல் விதிப்படி தாய்க்கும் தந்தைக்கும் சம பங்கு, இப்படி வரக்கூடாது. மெண்டலை உலகுக்குத் திரும்பக் காட்டிய அதே மனிதர் 1909இல் இந்த எண்களை அப்படியே அச்சில் கொடுத்தார். இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் தனியாக டி.என்.ஏ. இருப்பது 1960களில்தான் தெரிந்தது. பசுங்கணிகம் பெரும்பாலும் தாய் வழியாகத்தான் வரும் என்பதால் அவர் எண்ணியது சரிதான்.

மெண்டலுக்கே விகிதம் அச்சாக வரவில்லை. 7,324 பட்டாணி விதைகளை எண்ணினார்: உருண்டை 5,474, சுருங்கியது 1,850. வகுத்தால் 2.96, விதிப்படி 3 வர வேண்டும். அந்த அளவு எண்ணினால்தான் 3க்குப் பக்கத்திலாவது போக முடியும். அப்படியும், மெண்டலின் எண்கள் அளவுக்கு மீறி விதியோடு ஒத்துப்போகின்றன என்று 1936இல் ஆர். ஏ. ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் கேள்வி எழுப்பினார். 70 வருடம் கழித்தும் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. குறிப்பேடுகளைத் திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன். பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், அடுத்த பக்கத்தில் பிள்ளையே புதிதாக எழுதட்டும். பூ காலையில் வாடிவிடும், அதனால் மாலை ஐந்து மணிக்கு மேல் எண்ணச் சொல்லுங்கள். வெள்ளை வரவில்லை என்றால் 0. மஞ்சளோ வரிப் பூவோ வந்திருந்தால் அதையும் எழுதட்டும். அந்தச் செடியைப் பார்க்க எனக்கே ஆவல். விதை முளைக்காமல் போயிருந்தாலும், ஆடு மேய்ந்திருந்தாலும் அதைத்தான் எழுத வேண்டும். எந்த எண்ணுக்கும் மதிப்பெண் குறையாது.

அடுத்த வெள்ளிக்கிழமை 40 வீட்டு எண்களையும் ஒரே பலகையில் பிள்ளைகளே எழுதிக் கூட்டப்போகிறார்கள். கூட்டுத்தொகை எவ்வளவு வரும் என்று இந்தமுறை நாங்கள் முன்கூட்டியே சொல்லவில்லை. மூன்றரை மணிக்கு ஆய்வகத்தில் நடக்கும். வர முடிந்தவர்கள் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்