நனைந்தாலும் குளிராத சட்டை

தலவாக்கலை
ஜூலை, ஞாயிறு இரவு

அன்பு மச்சான்,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "அவன் இன்னும் சைக்கிள விடலையா?" என்று கேட்டுவிட்டு, உன் பிள்ளைகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, சரிதானா என்று என்னிடம் பார்த்துக்கொண்டார். இந்தக் குளிரில் அவருக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது. மற்றபடி எல்லோரும் சுகம். மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு மும்முரமாகப் படிக்கிறாள். நீ அனுப்பிய கணித வினாத்தாள்கள் பெரிய உதவி. இரவு பத்து மணிக்குப் பிறகும் அவளுடைய மேசை விளக்கு எரிகிறது.

சரி, உன் பயணத்துக்கு வருகிறேன். ஓகஸ்ட் விடுமுறையில் செங்கலடியிலிருந்து புறப்பட்டு மகாஓயா, பிபிலை, பதுளை, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குச் சைக்கிளிலேயே வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் வீட்டுப் பக்கம் முடிகிற ஏ5 வீதி எங்கள் ஊர்ப் பக்கம் ஏறி வந்து பேராதனை வரை போகிறது என்பதைப் பள்ளிக்கூட வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? இருபத்தைந்து வருடம் கழித்து அந்தக் கோட்டில் நீ சைக்கிள் மிதிக்கப் போகிறாய்.

"குளிருக்கு ஒரு முழுக்கைச் சைக்கிள் ஜேர்சி வாங்க வேண்டும், நல்ல மொத்தமாக, தடிப்பாக, மழை உள்ளே போகாததாகப் பார்த்துச் சொல்" என்று கேட்டிருந்தாய். மச்சான், அந்த இரண்டும் வேண்டாம். மொத்தமும் வேண்டாம், மழை புகாததும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நானே அந்தப் பிழையைச் செய்து அனுபவித்தவன்.

இப்போது உங்கள் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற காலம். 34, 35 பாகை வெயிலில் உலர்ந்த காற்று முகத்தைச் சுடும். அதே காற்றுதான் முதலில் எங்கள் தலைக்கு மேல் வருகிறது. தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, வட்டவளை, அட்டன், நானுஓயா மலைகளில் மோதி, இருக்கிற தண்ணீரையெல்லாம் இங்கே கொட்டிவிட்டு, வெறும் காற்றாக ஊவாப் பக்கம் இறங்கி, இறங்க இறங்கச் சூடேறி உன் வாசலுக்கு வருகிறது. அதனால் நீ வரும் பாதையில் வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டங்கள் வரை பெரும்பாலும் வெயிலும் புழுதியும்தான். அங்கிருந்து ஏற ஏற, ஹக்கலைக்குக் கிட்டத்தில் வானம் மாறும். ஒரு வளைவில் நிழல் உனக்கு முன்னால் விழும், அடுத்த வளைவில் நிழலே இருக்காது. மூடுபனி, பூமழை, பக்கவாட்டில் காற்று. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரை பாகை குறையும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஓகஸ்டில் அங்கே பகலில் 18 பாகையைத் தாண்டாத நாட்கள் நிறைய.

ஆக நீ வியர்த்து நனைந்த உடம்போடு அந்தக் குளிருக்குள் நுழையப் போகிறாய். மழை உன்னை நனைப்பதற்கு முன்பே நீ உள்ளிருந்து நனைந்திருப்பாய். சட்டை தேர்வதில் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

போன வருடம் ஆனி மாதம் நான் ஒரு மொத்தச் சட்டை வாங்கினேன். உள்ளே பஞ்சுபோல மயிர் எழுப்பிய பொலியெஸ்டர், வெளியே தண்ணீர் ஒட்டாத பூச்சு. கடையில் போட்டுப் பார்த்தபோது அவ்வளவு இதமாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு இங்கிருந்து லிந்துலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறினேன். அரை மணி நேரத்தில் உள்ளே குளித்ததுபோல வியர்வை. வெளிப்பூச்சு அதை வெளியே விடவும் இல்லை. நானுஓயாவில் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்கப் பத்து நிமிடம் நின்றேன், அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே பல் அடிக்கத் தொடங்கியது. அப்புறம் நுவரெலியா போகும் எண்ணத்தை விட்டுவிட்டுத் திரும்பி இறங்கினேன். இறக்கத்தில் விரல்கள் விறைத்து பிரேக்கை இழுக்க முடியவில்லை. ஒரு தேயிலை மலை ஓரமாக இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே லிந்துலை வரை நடந்தேன். அன்று மழை பெய்யவே இல்லை, மச்சான். என்னைக் குளிர வைத்தது என் சொந்த வியர்வை.

எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் தொட்டிக்குப் பக்கத்தில் தினமும் நிற்கிறவன் நான். ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானி இரண்டையும் பார்த்து, காற்று ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்திருந்தால், எவ்வளவு விசிறி போட்டாலும் கொழுந்து வாடாது என்று எனக்குத் தெரியும். அப்படியான நாட்களில் சூடான காற்றைக் கலந்துதான் அனுப்புவோம். உடம்புக்கும் அதே கணக்குத்தான். வியர்வை உலரும் என்று சொல்லி விற்கிற மெல்லிய பொலியெஸ்டர் சட்டை உன் மட்டக்களப்பு வெயிலில் அருமையாக வேலை செய்யும். அந்த இழை தண்ணீரைக் குடிப்பதே இல்லை எனலாம், நூலின் மேலாக இழுத்து வெளியே பரப்பும், மிச்சத்தைக் காற்று எடுத்துக்கொள்ளும். எங்கள் மூடுபனிக் காற்றோ அந்த ஈரத்தை எடுத்துக்கொள்ளாது. ஈரச் சட்டை தோலோடு ஒட்டிக்கொள்ளும். அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதை நீயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாய். பருத்தி இன்னும் மோசம். குடித்த தண்ணீரை விடவே விடாது.

அன்றிரவு அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டு இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னதுதான் என்னைத் திருப்பியது. "நாங்க கொழுந்து எடுக்கையில கம்பளி போட்டிருந்தமே, அது நனையாதுன்னா போட்டோம்? நனையும், கனக்கும். ஆனா உள்ள சூடு இருக்கும். அப்புறம் றப்பர் சீட்டு வந்துச்சு, மழை உள்ள வராது, வேர்த்து ஊத்தும், நின்னா ஒடம்பு நடுங்கும்." உனக்கும் அந்தக் கம்பளி நினைவிருக்கும். தலையிலிருந்து முதுகுவரை தொங்கும், சாக்கு நிறம். மழையில் மலையிலிருந்து அவர்கள் வரிசையாக இறங்கி வரும்போது ஈரக் கம்பளி வாசமும் லயத்து வீடுகளின் அடுப்புப் புகை வாசமும் ஒன்றாக வரும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவின் கம்பளிக்குள் நுழைந்துகொள்வோம். மேலே ஈரம், உள்ளே கதகதப்பு.

அம்மா சொன்னது அப்படியே உண்மை. கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரத்தை ஆவியாகத் தனக்குள் இழுத்துக்கொள்ளும், அப்போதும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. இழுக்கும்போது கொஞ்சம் சூட்டையும் வெளியே விடும். இழை சுருள்சுருளாக இருப்பதால் நடுவில் காற்று தங்கும். நனைந்தாலும் அந்தச் சுருள் முழுக்கப் படிந்துவிடாது. சைக்கிள் ஓட்டப் பந்தயக்காரர்களும் பல காலம் கம்பளி ஜேர்சிதான் போட்டார்கள். தூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் 1919இல், முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜேர்சி வந்தபோது அதுவும் கம்பளிதான். 1953, 1954, 1955 என்று மூன்று வருடம் தொடர்ந்து வென்ற லூயிசோன் பொபே, செயற்கை நூல் கலந்த மஞ்சள் ஜேர்சியைக் கொடுத்தபோது போட மறுத்து, தூய கம்பளிதான் வேண்டும் என்று நின்றாராம். அதை வாசித்தபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது.

அதற்காகக் கம்பளி போர்த்திக்கொண்டு சைக்கிள் ஓடு என்று சொல்லவில்லை. இப்போது மெரினோ ஆட்டு மயிரில் மெல்லிய நூல் நூற்று, உடம்பை அரிக்காத ஜேர்சி நெய்கிறார்கள். நான் சொல்வது அதைத்தான். தூய மெரினோ வேண்டாம், பொலியெஸ்டரோ நைலோனோ பாதி கலந்ததாக எடு. தூய மெரினோ மெல்லியது, முதுகுப்பை வார் உரசுகிற தோளில் ஓட்டை விழுந்துவிடும், உலரவும் நேரம் எடுக்கும். கலந்தது உழைக்கும். தடிப்பைச் சதுர மீற்றருக்கு இத்தனை கிராம் என்று எழுதியிருப்பார்கள். 150க்கும் 200க்கும் நடுவில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் உன் ஏற்றத்துக்குச் சூடு தாங்காது.

துணி தெரிந்தால் மற்றது லேசு. சிப் கழுத்திலிருந்து அடிவரை முழுதாகத் திறக்க வேண்டும், அரைச் சிப் போதாது. ஏறும்போது திறந்து, வளைவு முடிந்து இறங்கும்போது ஒரு கையால் இழுத்து மூடிவிடலாம். கழுத்துப் பட்டி உயரமாக இருக்கட்டும். போட்டுப் பார்க்கும்போது நிமிர்ந்து கண்ணாடி முன் நிற்காதே. குனிந்து, ஹேண்டிலைப் பிடித்ததுபோல இரண்டு கையையும் முன்னால் நீட்டு. அப்போதும் கை மணிக்கட்டை மூட வேண்டும், பின்பக்கம் இடுப்புக்குக் கீழே நிற்க வேண்டும். நிற்கையில் வயிற்றுப் பக்கம் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தால் அதுதான் சரியான வெட்டு. உடம்போடு ஒட்டி இருக்கட்டும், இறுக்கக் கூடாது. பெரியது வாங்கினால் உள்ளே குளிர்காற்று ஓடும், கம்பளியும் வியர்வையை எடுக்காது. பின் பைகளில் சாமான் போட்டுக் குலுக்கிப் பார். நனைந்த சட்டை பாரத்தில் தொங்கும், அதனால் அடிவிளிம்பில் வழுக்காத இறப்பர் பட்டி இருப்பது நல்லது.

நிறம் மட்டும் நான் சொல்கிறபடி கேள். கறுப்பும் பச்சையும் சாம்பலும் வேண்டாம். ஹக்கலை மூடுபனியில் பஸ்காரர் இருபது முப்பது அடிக்கு அப்பால் எதையும் பார்க்கமாட்டார். பச்சை போட்டால் நீயும் ஒரு தேயிலைச் செடி. செம்மஞ்சள் அல்லது பளிச்சென்ற மஞ்சள் எடு. முதுகில் வெளிச்சம் பட்டு மின்னும் பட்டி இருந்தால் இன்னும் நிம்மதி. இதில் எனக்காகவாவது பிடிவாதம் பிடிக்காதே.

மழைக்கும் காற்றுக்கும் தனியாக ஒரு மெல்லிய, கையில்லாத காற்றுத் தடுப்புச் சட்டையைச் சுருட்டிப் பின் பையில் வை. ஏற்றத்தில் வேண்டாம், நின்றாலோ இறங்கினாலோ உடனே மேலே போட்டுக்கொள். மறந்துவிட்டு வந்தாலும் வழி இருக்கிறது. மலை உச்சியில் பந்தயக்காரர்கள் செய்கிறமாதிரி, ஒரு வீரகேசரிப் பத்திரிகையை வாங்கி மடித்து ஜேர்சிக்குள் நெஞ்சில் வைத்துக்கொள். காகிதம் காற்றை நன்றாகத் தடுக்கும்.

செங்கலடியிலிருந்தே இதைப் போட்டு வராதே, அவிந்துவிடுவாய். வெலிமடை வரை வழமையான அரைக்கைச் சட்டை போதும். வெலிமடையில் உடம்பைத் துடைத்து, ஈரச் சட்டையைக் கழற்றி, காய்ந்த முழுக்கை ஜேர்சியை மாற்றிவிட்டு ஏறு. தனியாக மாட்டிக் கழற்றுகிற கைகள் விற்கிறார்களே, அதைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஒரே நாளில் வெயிலும் குளிருமாக ஓடுகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் உன் நெஞ்சும் முதுகும் நனைந்தபடியே இருக்கும், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

துவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமுக்கி, நிழலில் விரித்துப் போடு. கொடியில் தொங்கவிட்டால் நீளும், சுடுதண்ணீரில் போட்டால் உன் சின்ன மகனுக்குத்தான் அளவாக இருக்கும். கம்பளியில் வியர்வை நாற்றம் அவ்வளவு ஏறாது, அதனால் ஒவ்வொரு நாளும் துவைக்கவும் தேவையில்லை. இங்கே இந்த மாதத்தில் துணி மூன்று நாளானாலும் காயாது என்று உனக்குத் தெரியும்தானே, இந்த ஒரு குணத்துக்காகவே நான் கம்பளியை விடமாட்டேன்.

புதிதாகக் கொழும்பில் தேடுவதற்கு முன் குளிருடுப்பு விற்கிற நுவரெலியா பேல் பஜாரில் பார்ப்போம். என் இப்போதைய ஜேர்சியை அங்கேதான் ஸ்வெட்டர் குவியலுக்குள் கண்டெடுத்தேன். உள்ளே தைத்திருந்த துண்டில் பாதிக்கு மேல் மெரினோ என்று இருந்தது. வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன், மூச்சு மெதுவாக அந்தப் பக்கம் போனது. மூச்சே போகாவிட்டால் வியர்வையும் போகாது, அதை விட்டுவிடலாம். அதைப் போட்டுக்கொண்டு போன மாதம் பூமழையில் நானுஓயா ஏறினேன். நனைந்தேன், அதே கடையில் நின்று தேத்தண்ணியும் வடையும் எடுத்தேன். நடுக்கம் வரவில்லை. தோளில் மழைத்துளிகள் வெள்ளையாக உட்கார்ந்திருந்தன, நெஞ்சு சூடாக இருந்தது.

வருகிற போயா (பௌர்ணமி) விடுமுறையில் நான் நுவரெலியா போகிறேன். அதற்குள் உன் நெஞ்சளவையும், தோள் எலும்பிலிருந்து மணிக்கட்டு வரை கையின் நீளத்தையும் நாடாவால் அளந்து அனுப்பு. கையை முன்னால் நீட்டி வைத்து அளக்கச் சொல்லு. செம்மஞ்சள் கிடைத்தால் உடனே எடுத்துவிடுவேன், அடுத்த கிழமை தபாலில் வரும். வெலிமடையில் ஏறத் தொடங்கும்போது போனில் ஒரு கோல் எடு. நான் சீத்தாஎலிய சீதையம்மன் கோயில் வாசலில் பிளாஸ்கோடு நிற்பேன்.

உன்
கூட்டாளி