வாசிப்புப் பகுதி பற்றி மகளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மகளுக்கு,

அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கான எஸ்ஏடி சோதனைக்கு நீ செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பயிற்சிச் சோதனை விடைகளை நேற்று இரவு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கணிதம் அப்பாவின் பக்கம். பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்று சொன்னார். நான் எழுதுவது வாசிப்புப் பகுதியைப் பற்றித்தான். போனில் இவ்வளவையும் கதைக்க முடியாது, கதைத்தாலும் மனதில் நிற்காது. ஆறுதலாக வாசி. உன் விடைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் அந்தத் தடித்த சொற்பட்டியல் புத்தகம். மருதானையில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன், தினமும் ஐம்பது சொல் பாடமாக்குகிறேன் என்றாய். உன் முயற்சியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் புத்தகம் இன்றைக்கு நடக்கும் சோதனைக்கு எழுதப்பட்டதல்ல. சொல்லுக்கும் சொல்லுக்கும் என்ன உறவு என்று கேட்கும் வினாக்களை 2005இல் எடுத்துவிட்டார்கள். யாரும் அன்றாடம் பாவிக்காத கடும் சொற்களை வைத்து ஒற்றை வசனத்தில் இடைவெளி நிரப்பச் சொல்லும் வினாக்கள் 2016இல் போய்விட்டன. பிழையான விடைக்கு ஒரு புள்ளியில் காற்பங்கு வெட்டுவதும் அதே ஆண்டோடு நின்றது. 'உறுதியாகத் தெரியாவிட்டால் விட்டுவிடு' என்று அந்தப் புத்தகம் சொல்வது அந்தக் காலத்துக்குச் சரி. இப்போது அப்படி விட்டால் நட்டம் உனக்குத்தான். நீ இரண்டு வினாக்களை வெறுமையாக விட்டிருக்கிறாய். இனி ஒன்றையும் விடாதே. ஒன்றுமே விளங்காவிட்டாலும் ஒரு விடையைத் தெரிவு செய்துவிட்டு நகர்ந்துவிடு.

இப்போதும் இடைவெளி வினா இருக்கிறது, ஆனால் அது சிறு பந்திக்குள் வருகிறது. அதில் வரும் சொற்களும் பெரும்பாலும் பல்கலைக்கழகப் புத்தகங்களிலும் நல்ல கட்டுரைகளிலும் சாதாரணமாகப் புழங்குகிறவை. உன் பிழைகளைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. தெரியாத சொல்லால் நீ இழந்தவை கொஞ்சம். தெரிந்த சொல் என்று நம்பிப் போய் இழந்தவைதான் கனக்க.

நாம் தமிழுக்குள் எடுத்துப் புழங்கும் ஆங்கிலச் சொற்கள் நமக்கு ஒரு கருத்தோடுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. கரன்ட் என்றால் மின்சாரம், அட்றஸ் என்றால் முகவரி, நொவல் என்றால் கதைப் புத்தகம். சோதனைத் தாளிலோ கரன்ட் என்பது 'இப்போதைய' என்று வரும், அட்றஸ் என்பது 'ஒரு பிரச்சினையைக் கையாள்' என்று வரும், நொவல் என்பது 'புதுமையான' என்று வரும். கொழும்பில் ஆங்கிலத்திலேயே வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தடுமாற்றம் குறைவு. உனக்கும் எனக்கும் இருக்கிறது. ஆகவே இலேசான சொல் ஒன்று விடைகளுக்குள் கிடந்தால் ஒரு கணம் நின்று பார்.

நீ பிழைவிட்ட வினா ஒன்றின் சாயலில் நானே ஒன்று எழுதிப் பார்த்தேன், தமிழிலேயே:

'ஆய்வாளர் தன் முடிவை வெளியிட்ட கையோடு அதை ______: இது சிறு குளங்களுக்கே பொருந்தும் என்றும், பெரிய வாவிகளில் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை என்றும் எழுதினார்.'

விடைகளைக் கையால் மறைத்துக்கொள். அந்த முக்காற்புள்ளியைப் பார், அதற்குப் பின்னால் வருவது இடைவெளிக்கான விளக்கம். அவர் என்ன செய்கிறார்? தான் சொன்னதற்கு எல்லை போடுகிறார். 'மட்டுப்படுத்தினார்' என்று உன் மனதில் தமிழில் வந்தால் அதையே வைத்துக்கொள், ஆங்கிலச் சொல் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. இப்போது கையை எடு. மறுத்தார், கொண்டாடினார், மறைத்தார் என்ற கருத்தில் மூன்று சொற்களும், நாலாவதாக 'குவாலிபைட்' என்பதும் கிடக்கும். நீ உடனே நாலாவதை வெட்டுவாய், ஏனென்றால் குவாலிபை என்றால் தகுதி பெறுவது என்றுதான் உனக்குப் பழக்கம். ஆனால் ஒரு கூற்றை குவாலிபை பண்ணுவது என்றால் அதற்கு நிபந்தனை வைத்து மட்டுப்படுத்துவது. அந்தக் கருத்து தெரியாவிட்டாலும், மற்ற மூன்றும் உன் தமிழ்ச் சொல்லோடு ஒட்டவில்லை என்பது தெரிகிறதுதானே? அதை வைத்தே நாலாவதற்குப் போகலாம்.

நீ செய்வது இதற்கு மறுதலை. முதலில் நாலு விடைகளையும் வாசித்து, ஒவ்வொன்றையும் இடைவெளியில் போட்டு, காதுக்கு எது நன்றாகக் கேட்கிறது என்று பார்க்கிறாய். நாலும் காதுக்கு நன்றாகக் கேட்கும்படிதான் வைத்திருப்பார்கள், பிள்ளை. பந்திக்குள் இருந்து கருத்தை எடுத்துக்கொண்டு விடைகளுக்குப் போ.

கிரகித்தல் வினாக்களிலும் உனக்கு நடந்தது கிட்டத்தட்ட இதுதான். உன்னைப் போல நிறையத் தெரிந்த பிள்ளைகள்தான் அதில் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் பந்தியை வாசி:

'1848இல் மட்டக்களப்புக்கு வந்த குடியேற்றநாட்டுச் செயலாளர் எமர்சன் டெனன்ட், இரவில் வாவியில் படகில் சென்று, நீருக்கடியில் இருந்து எழுந்த இசை போன்ற ஒலியைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது வரும் ஒலியோடு அதை ஒப்பிட்டு எழுதினார். அது ஊரி என்ற ஒரு வகை ஓட்டுயிர் எழுப்பும் ஒலி என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள்.'

இதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம் என்று கேட்டு நாலு விடைகள் தருகிறார்கள் என்று வை. ஒன்று, வாவியில் மீன்கள் பாடுகின்றன. இரண்டு, கல்லடிப் பாலத்தடியில் இந்த ஒலி நன்றாகக் கேட்கும். மூன்று, ஒலியை எழுப்புவது ஊரிதான் என்று டெனன்ட் நிரூபித்தார். நாலு, அந்த ஒலிக்கு மீனவர்களிடம் ஒரு விளக்கம் இருந்தது.

நம் ஊர்ப் பிள்ளைக்கு முதல் இரண்டும் உடனே மனதில் பிடிக்கும். பாடும் மீன் நமது ஊரின் அடையாளம், பாலத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டவர்கள் எத்தனை பேர்! ஆனால் பந்தியில் மீன் பாடியது என்று எங்கே இருக்கிறது? பாலம் எங்கே இருக்கிறது? பழைய கல்லடிப் பாலமே 1924இல்தான் வந்தது. மூன்றாவது இன்னும் பொல்லாதது. ஊரி பந்தியில் இருக்கிறது, டெனன்ட் இருக்கிறார், 'நிரூபித்தார்' மட்டும் இல்லை. ஒரு சொல்லால் முழு விடையும் பிழைத்துவிட்டது. நாலாவது உப்புச்சப்பில்லாத விடை, அதைத் தெரிவு செய்ய உனக்கு மனம் வராது. ஆனால் அதற்குக் கடைசி வரியை நீ விரலால் தொட்டுக் காட்டலாம்.

இந்தச் சோதனையில் சரியான விடை பலமுறை இப்படித்தான் அடக்கமாக இருக்கும். எப்போதும், ஒருபோதும், முற்றாக, நிரூபித்தது, முதன்முதலில் என்ற கருத்துள்ள சொற்கள் ஒரு விடையில் வந்தால், பந்தியும் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறதா என்று திரும்பிப் போய்ப் பார். உன் தாளில் உயிரியல் பந்தியில் நீ தெரிவு செய்த விடை விஞ்ஞானப்படி உண்மைதான், உயர்தரத்தில் படித்ததுதான். ஆனால் அந்தப் பந்தி அதைச் சொல்லவேயில்லை. உன் படிப்பறிவு பந்தியை வேகமாக விளங்கிக்கொள்ள உதவட்டும். விடையைப் பந்தியே தரட்டும்.

நீண்ட வசனங்களில் தடுமாறுகிறாய் என்பதும் தெரிந்தது. தமிழில் வினை கடைசியில் வரும், அதுவரை எல்லாவற்றையும் கையில் ஏந்திக்கொண்டு போய்ப் பழகிவிட்டோம். ஆங்கில வசனத்தில் யார், என்ன செய்தார் என்பது பெரும்பாலும் முன்னுக்கே முடிந்துவிடும், பின்னால் வால் நீளும். சில வேளை எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் இரண்டு காற்புள்ளிக்குள் ஒரு முழுக் கதையையே செருகிவிடுவார்கள். அந்த நடுப் பகுதியைத் தாண்டி எழுவாயையும் வினையையும் முதலில் பிடி, பிறகு திரும்பி வந்து மற்றதைச் சேர். 'ஹவெவர்', 'ஓல்தோ' போன்ற சொற்களைக் கண்டால் வேகத்தைக் குறை. ஆசிரியரின் உண்மையான நிலைப்பாடு அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

கவிதை வந்தால் பயப்படாதே. வரி முடியும் இடத்தில் நிறுத்தாமல், புள்ளி வரும் இடம் வரை வசனம் போல வாசி. அட்டவணை வந்தால் தலைப்பையும் அலகையும் பார்த்துவிட்டு, வினாவில் சொல்லப்பட்ட கூற்று எது என்று பார். எண் சரியாக இருந்தும் அந்தக் கூற்றுக்கு ஆதாரமாகாத விடைகள் வரும்.

நேரத்தைப் பற்றி. வாசிப்பும் எழுத்தும் சேர்ந்து 54 வினா, 64 நிமிடம். அது இரண்டு பகுதியாக வருகிறது, ஒவ்வொன்றிலும் 27 வினா, 32 நிமிடம். ஒரு வினாவுக்கு 71 விநாடி அளவில் விழும். பந்தி ஒவ்வொன்றும் 25 முதல் 150 சொல்தான், ஒரு பந்திக்கு ஒரே வினா. சொற்கருத்து வினாக்கள் முன்னுக்கு வரும், பிறகு கிரகித்தல், அதன்பின் இலக்கணம், கடைசியில் இணைப்புச் சொற்களும் குறிப்புகளை வைத்துக் கேட்பவையும். நீ கிரகித்தலில் நேரத்தைச் செலவழித்துவிட்டு இலக்கணத்தை ஓடி ஓடிச் செய்திருக்கிறாய். உனக்கு இலக்கணம் பலம். அதில் நாலு பிழை விட்டதை என்னால் ஏற்கவே முடியவில்லை. எல்லாருக்கும் இதைச் சொல்லமாட்டேன், உனக்குச் சொல்கிறேன்: சொற்கருத்தை முடித்தவுடன் இலக்கணத்துக்குத் தாவு, கடைசி வரை போ, பிறகு கிரகித்தலுக்குத் திரும்பி வா. ஒரே பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், அடையாளமிட்டு வைக்கவும் வழி இருக்கிறது. பிழையென்று பட்ட விடையைத் திரையிலேயே வெட்டிவிடவும் வசதி உண்டு, அதைப் பாவி. ஆனால் பகுதி முடிந்தால் திரும்ப முடியாது. முதற் பகுதியை எப்படிச் செய்தாய் என்பதை வைத்துத்தான் இரண்டாவது பகுதி கடினமாகவோ இலேசாகவோ வரும். இரண்டாவது கடினமாகத் தோன்றினால் கலங்காதே, முதலாவதை நன்றாகச் செய்திருக்கிறாய் என்று எண்ணிக்கொள்.

சொற்கள் படிப்பதை விடச் சொல்லவில்லை. பட்டியலை விடு என்கிறேன். ஒரு கொப்பி எடு. வாசிக்கும்போது எதிர்ப்படும் சொல்லை அது இருந்த வசனத்தோடு எழுதி, அந்த வசனத்தில் அதன் கருத்தைத் தமிழில் எழுது. ஒரு நாளைக்கு ஐந்தாறு போதும். தினமும் ஒரு சிறிய விஞ்ஞானக் கட்டுரையோ வரலாற்றுக் கட்டுரையோ ஆங்கிலத்தில் வாசி. ஒவ்வொரு பந்தி முடியவும் கண்ணை எடுத்து, இது என்ன சொல்லிற்று என்று ஒரே வசனத்தில் தமிழில் சொல்லிப் பார். சொல்ல வராவிட்டால் பந்தி விளங்கவில்லை, திரும்ப வாசி. உயர்தரத்தில் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்குச் சேராது என்பதால் நம் பிள்ளைகள் இந்த வாசிப்பை அந்த வயதிலேயே கைவிட்டுவிடுகிறார்கள். வகுப்பில் நின்று வருடா வருடம் அதைப் பார்ப்பது எனக்கு ஆறாத கவலை. உனக்கு உதவித்தொகை கிடைப்பது ஒரு பக்கம். அமெரிக்காவுக்குப் போய் ஒரு கிழமைக்கு நூறு பக்கம் வாசிக்கச் சொல்லும்போது நீ திணறக் கூடாது, அதுதான் என் பெரிய கவலை.

பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். சோதனை நடக்கும் அதே புளூபுக் செயலியில் முழுப் பயிற்சிச் சோதனைகள் இலவசமாக இருக்கின்றன. கான் அகடமி இணையதளத்திலும் வினாக்கள் இருக்கின்றன. அடிக்கடி முழுச் சோதனை செய்து அவற்றை முடித்துவிடாதே. ஒன்று செய்தால் அதன் பிழைகளோடு ஒரு கிழமை இரு.

அடுத்த சோதனை முடிந்ததும் புள்ளியை மட்டும் அனுப்பாதே. பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடைக்கு ஆதாரமான வரி எது, நீ தெரிவு செய்த விடையில் பந்தியில் இல்லாத சொல் எது என்று எழுதி அனுப்பு. சனிக்கிழமை பின்னேரம் எனக்கு வகுப்பு இல்லை, அப்போது இருந்து பார்ப்போம்.

லப்டொப் பட்டரி இரண்டு மணித்தியாலமும் நிற்பதில்லை என்றாய். சோதனையே இடைவேளையைச் சேர்க்காமல் 2 மணித்தியாலம் 14 நிமிடம். புதுப் பட்டரி என்ன விலை என்று அங்கே கேட்டுச் சொல், அப்பா காசு போட்டுவிடுவார். சித்தியிடம் சுகம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா