உளவியல் படிக்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் மனநலத் துறை வேலைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மருத்துவ உளவியலாளராக, அதாவது மனநலப் பிரச்சினைகளுக்கு மருந்தில்லாமல் பேச்சுவழியில் சிகிச்சை தருபவராக, வேண்டுமானால் வெளிநாடு போய் முனைவர் பட்டம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற தொனியில் இருந்தது. சுங்கை சிப்புட்டில் டியூஷன் நடத்துகிறேன். என்னிடம் வருபவர்களில் தோட்டத்துப் பிள்ளைகள்தான் அதிகம். மறுநாளே ஒரு மாணவி, "அப்ப நமக்கு இது எட்டாது டீச்சர், நான் அக்கவுண்டிங்கே எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

கட்டுரையாளர் எழுதியது பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் சரி. பிரிட்டனில் மூன்றாண்டு முனைவர் பயிற்சி. உள்நாட்டவர் பலருக்கு அரசு சுகாதாரச் சேவையே சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. அமெரிக்காவில் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்தால் ஐந்தாறு ஆண்டுகள் ஓடிவிடும். மலேசியாவில் உளவியல் இளங்கலைக்குப் பிறகு மருத்துவ உளவியலில் மாஸ்டர்ஸ் முடித்தாலே இத்தொழிலுக்கு வரலாம். 2016ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் இத்தொழிலும் அடக்கம். அந்த மாஸ்டர்ஸில் மேற்பார்வையாளரின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்க்கும் களப்பயிற்சிதான் உயிர்நாடி. அது இல்லாமல், ஆராய்ச்சி மட்டும் செய்து முனைவர் பட்டம் வாங்கியவர் சிகிச்சைக்கு உட்கார முடியாது. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இருக்கிறதா என்று பார்க்கும் நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

அண்மையில் ஒரு பாட்டிக்குத் துணையாக அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். மகன் இறந்ததிலிருந்து தூக்கமில்லை. அவர் தமிழில் சொல்லச் சொல்ல, கூட வந்த பேத்தி மலாயில் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன் போன இடத்துக்கே போயிடலாம்னு இருக்கு" என்றார் பாட்டி. பேத்தி மேசையைப் பார்த்தபடி, பாட்டிக்கு உடம்பு அசதியாக இருக்கிறதாம் என்றாள். நான்தான் குறுக்கிட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. பிள்ளையைக் குறை சொல்ல முடியுமா? பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தவள்.

தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவை 2023இல் நீக்கியாகிவிட்டது. இனி போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மனம்விட்டுப் பேச, தமிழ் தெரிந்த ஆள் வேண்டுமே! பக்கத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911 முதல் மனநல மருத்துவமனை இருக்கிறது. நாமோ அந்த ஊர்ப் பெயரை ஒருவரையொருவர் கிண்டல் செய்யத்தான் பயன்படுத்துகிறோம்.

மாஸ்டர்ஸும் சும்மா கிடைத்துவிடாது. வகுப்பு, களப்பயிற்சி, ஆய்வேடு என்று எல்லாம் சேர்ந்து நேரத்தை விழுங்கிவிடும்; வேலை பார்த்துக்கொண்டே முடிப்பது பெரும்பாடு. ஆண்டுதோறும் மேடை போட்டு இளங்கலை மாணவர்களுக்கு ஊக்கத்தொகை தரும் நம் சங்கங்கள், இந்த மேற்படிப்புக்கும் ஓரிரு பேரைத் தத்தெடுக்கலாம். மாஸ்டர்ஸ் நடத்தும் பல்கலைக்கழகங்களும் தமிழ் பேசும் பயிற்சியாளர்களைத் தோட்டப்புற ஊர்க் கிளினிக்குகளுக்கும் அனுப்ப வேண்டும்.

தாங்கள் அடுத்து இதுபற்றி எழுதினால், உள்நாட்டில் எங்கெங்கே இந்தப் படிப்பு இருக்கிறது, கட்டணம் எவ்வளவு, களப்பயிற்சி எங்கே என்ற விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்