பேட்டருக்குப் பொறு, பிட்சருக்குப் பொறுக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

உன் பேஸ்பால் அணிக்கு முதல் மூன்று மேட்சும் கைவிட்டுப் போனதால் பேட்டிங் வரிசையை அடியோடு மாற்றப் போவதாக எழுதியிருந்தாய். மாற்றாதே. ஆனால் 'பொறுமையாக இரு' என்று மட்டும் சொன்னால் அது உனக்கு உதவாது. யாருக்குப் பொறுப்பது, யாருக்குப் பொறுக்கக் கூடாது என்பதில்தான் மேனேஜரின், அதாவது அணியை நடத்துகிறவரின், வேலையே இருக்கிறது.

2019இல் அமெரிக்க அணியான வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 மேட்சில் 31 தோற்றது. மேனேஜர் டேவ் மார்ட்டினஸை மாற்றாமல் விட்டார்கள். 93 வெற்றியோடு சீசனை முடித்து, அங்கே சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரீஸையும் வென்றார்கள். விரல் முறிந்திருந்த அவர்களின் வீரர் ட்ரே டர்னர் மே மாதம் திரும்பியதும் ஒரு காரணம். இதை மட்டும் நம்பிவிடாதே. 2022இல் பிலடெல்பியா, 22 வெற்றி, 29 தோல்வி என்று இருந்தபோது மேனேஜரை நீக்கியது. புதியவரின் கீழ் 65-46 ஆடி வேர்ல்டு சீரீஸ் வரை போனது. அதோடு, அங்கே 162 மேட்ச். உனக்கு 14தான். மூன்று தோல்வி என்பது உன் சீசனில் ஐந்தில் ஒரு பங்கு.

பேட்டருக்கு வருவோம். நான்கு முறைக்கு ஒரு முறை ஹிட் அடிக்கும் பையன் தொடர்ந்து 12 முறை வெறுங்கையோடு திரும்ப எத்தனை வாய்ப்பு? நூற்றுக்கு மூன்று. ஆனால் ஒன்பது பேர் ஆடும் அணியில், சீசன் முழுக்கப் பார்த்தால், யாராவது ஒருவனுக்கு அது அநேகமாக நேரும். 1951இல் இருபது வயது வில்லி மேஸுக்கும் நேர்ந்தது. முதல் 26 முறை ஆடியதில் ஒரே ஒரு ஹிட், அதுவும் ஹோம் ரன். மேனேஜர் லியோ டுரோச்சர் அவரை வரிசையிலிருந்து எடுக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் மேஸ்தான்.

அதனால் ஸ்கோர் நோட்டில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடு. பந்து மட்டையில் பலமாகப் பட்டதா? வெளியே போன பந்தைத் துரத்தினானா? பலமாக அடித்து ஃபீல்டர் கையில் கொடுக்கிறவனைத் தொடாதே. வெளியே போவதையெல்லாம் துரத்துகிறவனுக்குப் பொறுமை மருந்தல்ல, பயிற்சிதான் மருந்து.

பந்து வீசும் பிட்சர் விஷயம் நேர் எதிர். பேட்டருக்கு அதிர்ஷ்டம் திரும்பும். களைத்த தோள் அன்றைக்குத் திரும்பாது. நம் தென்னாப்பிரிக்க டர்பன்காரர்கள் எல்லோருக்கும் கிரிக்கெட் பழக்கம்: பவுலரை நிறுத்தி வைத்து, பிறகு மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் மேட்சை விட்டு வெளியேறியவன் மீண்டும் வர முடியாது. அதனால்தான் மேனேஜர்கள் பிட்சரை இன்னும் ஒரு பேட்டருக்காக நிறுத்திப் பார்த்து மாட்டிக்கொள்கிறார்கள். 2003இல் பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில், எட்டாவது இன்னிங்ஸில் 5-3 என்று முன்னிலையில் இருக்கும்போது, இன்னும் வீச முடியுமா என்று பிட்சர் பெட்ரோ மார்ட்டினஸிடமே போய்க் கேட்டார். 'முடியும்' என்றார் பெட்ரோ. எதிரணியான யாங்கீஸ் சமன் செய்து, 11ஆவது இன்னிங்ஸில் வென்றது. பிட்சரைக் கேட்காதே, தம்பி. எந்தப் பிட்சரும் முடியாது என்று சொல்ல மாட்டான்.

எண்களை மட்டும் பார்ப்பதும் தப்பு. 2020 வேர்ல்டு சீரீஸின் ஆறாவது மேட்சில் டாம்பா மேனேஜர் கெவின் கேஷ், 73 பந்தே வீசியிருந்த பிட்சர் பிளேக் ஸ்னெல்லை எடுத்தார். அதுவரை இரண்டே ஹிட், ஒன்பது ஸ்ட்ரைக் அவுட். அந்த இன்னிங்ஸிலேயே முன்னிலை போயிற்று. என் கணக்கில் அது அவசரம்.

ஆகவே ஆளைப் பார். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் கீழே காட்டிய இடத்துக்குப் பந்து மேலே ஏறி வருகிறதா? முழங்கை தாழ்கிறதா? பந்துக்குப் பந்து நேரம் இழுக்கிறானா? இரண்டு தெரிந்தால் அடுத்தவனை உடனே வார்ம்-அப்புக்கு அனுப்பு. அவனுக்கு 15, 20 பந்தாவது வேண்டும். டர்பன் புழுக்கத்தில் வியர்வையால் பிடி நழுவுவதைக் களைப்பு என்று எண்ணிவிடாதே, பிடி வழுக்காமலிருக்கத் தடவும் ரோசின் பொடிப் பையை, பிட்சர் நின்று வீசும் மவுண்டுக்குப் பின்னாலேயே வை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. உன் பையன்களுக்கு 15, 16 வயது. அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு 95 பந்துதான் எல்லை. 75ஐத் தாண்டினால் நான்கு நாள் ஓய்வு, 61 முதல் 75 வரை மூன்று நாள். சனிக்கிழமை 80 பந்து வீசியவனை, அவன் அப்பாவே வந்து கேட்டாலும், ஞாயிற்றுக்கிழமை மவுண்டில் ஏற்றாதே.

வரும் ஞாயிறு அதே ஒன்பது பேர், அதே வரிசை. மூன்றாவதாக ஆடுகிற பையனை மட்டும் ஏழாவதுக்கு இறக்கு, அவன் துரத்துகிறான். ஏன் இறக்கினாய் என்பதை வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே, தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடு.

அன்புடன்,
அண்ணன்